வெளியே போகும் பை

"கண்டவங்க பையைக் கிளறுற வேலைக்கு என் பொண்டாட்டி போக மாட்டா. இத்தோட இந்தப் பேச்சை விட்டுடுங்க" என்று சொல்லிவிட்டு, சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிக்கொண்டு எழுந்தான் கொழுந்தன். தள்ளிய வேகத்தில் தண்ணீர்க் குவளை கவிழ்ந்து, மேசை விளிம்புவரை தண்ணீர் ஓடியது. யாரும் துடைக்கவில்லை. சுவரோடு சுவராக நின்றிருந்த சின்னவள், பெரியவளைப் பார்த்தாள். நீங்களாவது ஏதாவது சொல்லுங்களேன் என்று கெஞ்சுகிற பார்வை அது.

பெரியவளும் சின்னவளும் அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்த ஓரகத்திகள். பெரியவளின் கணவன் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிவிட்டது. பிள்ளையும் இல்லை; சின்னவளுக்குத்தான் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை ஒன்று உண்டு. புருஷனும் பிள்ளையும் இல்லாத ஒருத்தி, புருஷனின் தம்பியோடு ஒரே கூரையின் கீழ் இருந்தால் எப்படி இருக்க வேண்டும் என்று உலகம் ஒரு சட்டம் வைத்திருக்கிறது. சமையலறையைத் தாண்டிக் குரல் கேட்கக் கூடாது. எல்லாரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தைச் சாப்பிட வேண்டும். கேட்டால் மட்டும் பதில் சொல்ல வேண்டும். அந்தச் சட்டம் பெரியவளிடம் பலிக்காமல் போனதற்கு ஒரே காரணம் அவளுடைய வேலை. ஊரின் பெரிய நாடக அரங்கில் உடையறை அவள் பொறுப்பு. நடிகர்களுக்கு உடை மாட்டிவிடுவது, கிழிந்ததைத் தைப்பது, வியர்வையில் ஊறியதைத் துவைத்து மறுபடி மேடைக்குத் தயார் செய்வது எல்லாம் அவள்தான். வாங்கும் சம்பளத்தில் பெரும்பகுதியை வீட்டுக்குக் கொடுத்துவிடுவாள். ஆகவே இந்த வீட்டில் அவள் வாயைத் திறந்தால் நின்று கேட்பார்கள். வேலை போனால் அந்த மரியாதையும் கூடவே போய்விடும் என்பது அவளுக்கும் தெரியும், கொழுந்தனுக்கும் தெரியும்.

அன்று அவள் வாயைத் திறந்தாள். "தம்பி, அவ கிளறப் போகல, காவலுக்குப் போறா. பொம்பளைங்க பையை ஆம்பளை தொட்டாத்தான் அசிங்கம். நீ மில்லு மூடினதிலேருந்து வீட்டுல இருக்கே, நான் ஒரு வார்த்தை கேட்டதில்ல. அவளையாவது போக விடு" என்றாள். கொழுந்தன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டான். அந்த வீட்டில் அதற்குச் சம்மதம் என்று அர்த்தம்.

விஷயம் இதுதான். எங்கோ ஓர் ஊரில் பாட்டுக் கச்சேரி நடந்த அரங்கத்துக்குள் ஒருவன் பையில் ஆயுதத்தோடு புகுந்துவிட்டான். செய்தி வந்த மறுவாரமே எல்லா ஊர் அரங்கங்களுக்கும் பயம் வந்துவிட்டது. பயம் வந்தது நியாயம்தான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வாசலில் மேசை போட்டார்கள். 'பீப்' என்று கத்துகிற இரும்பு வளைவை நிறுத்தினார்கள். காவல் கம்பெனி ஒன்றிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். பெண்களின் பையைப் பெண்தான் பார்க்க வேண்டும் என்று விதி இருந்ததால், அவசரமாகப் பெண்கள் தேவைப்பட்டார்கள். பெரியவள் மேனேஜரிடம் போய், எங்கள் வீட்டில் ஒருத்தி இருக்கிறாள், கையும் சுத்தம், வாயும் சுத்தம் என்று சொல்லி வைத்தாள். மேனேஜர் எதற்கும் சிரித்துக்கொண்டே தலையாட்டுகிற மனிதர். தங்கமான மனுஷன் என்று அரங்கத்தில் எல்லாரும் சொல்வார்கள். இதற்கும் தலையாட்டினார்.

சின்னவளுக்குக் கொடுத்த நீலச் சீருடை இரண்டு ஆள் போட்டுக்கொள்ளலாம் போல இருந்தது. பெரியவள் ஒரே மாலையில் அதன் தோளை இறக்கி, இடுப்பைப் பிடித்துத் தைத்துக் கொடுத்தாள். சின்னவள் கண்ணாடி முன் நின்று, முன்னும் பின்னும் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் முகத்தில் இத்தனை வெளிச்சத்தைப் பெரியவள் பார்த்ததில்லை. தன் தங்கைக்கே வேலை கிடைத்ததுபோல அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

அரங்கத்தின் முன்வாசலில் இரண்டு வழிகள். டிக்கெட் வாங்கி வருகிற சாதாரண ஜனத்துக்கு மேசையும் இரும்பு வளைவும் வைத்த வழி. அங்கே சாப்பாட்டு டப்பாவைத் திறந்து காட்ட வேண்டும், குழந்தையின் பால்புட்டியைக் குலுக்கிக் காட்ட வேண்டும். அரங்கத்துக்கு நன்கொடை தருகிற புரவலர்களுக்குப் பக்கத்திலேயே கம்பளம் விரித்த வழி. அதில் மேசையும் இல்லை, வளைவும் இல்லை. ஒரு பூஜாடிதான் இருந்தது. பச்சைக் குழந்தையையே உள்ளே வைத்து எடுத்துப் போகலாம் போன்ற பைகளோடு சீமாட்டிகள் சிரித்துக்கொண்டே போவார்கள். காவல்காரர்களும் பதிலுக்குச் சிரிப்பார்கள். பணக்காரர் பைக்குள் நான் ஒருநாளும் வரமாட்டேன் என்று ஆபத்தே வந்து சத்தியம் செய்து கொடுத்திருந்தது போலிருக்கிறது.

பின்வாசல் வேலைக்காரர்களுக்கு. அங்கே உள்ளே வரும்போது ஒரு சோதனை, வெளியே போகும்போது இன்னொரு சோதனை. முதல் நாளே லைட்டுக்காரர் தன் பையை மேசையில் வைத்துவிட்டு, "ஏம்ப்பா, குண்டு உள்ளே வரும், ஒத்துக்கறேன். வெளியே எப்படிப் போகும்? நாங்க இங்கேருந்து குண்டு திருடிட்டுப் போவோம்னு பயப்படுறீங்களா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். பெரியவளும் சிரித்தாள். காவல் கம்பெனியின் அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. எந்த நேரமும் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்ததால் அவருக்குக் கண்ணாடிக்காரர் என்று பெயர் விழுந்திருந்தது. லைட்டுக்காரர் கேட்ட கேள்விக்கு அவரும் சரி, வேறு யாரும் சரி, கடைசிவரை பதில் சொல்லவில்லை.

இனி அந்த ராணிச் சட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்போது நடந்துகொண்டிருந்த நாடகத்தில் கதாநாயகி ஒரு ராணி. கழுத்திலிருந்து இடுப்புவரை மணிகளும் சரிகையும் வைத்துத் தைத்த கனமான மேல்சட்டை அவளுக்கு. விளக்குகளின் சூட்டில் ராணி வேர்த்துக் கொட்டுவாள். அப்படியே தண்ணீரில் போட்டால் மணியெல்லாம் உதிர்ந்து, சரிகை கறுத்துவிடும். ஆகவே உள்துணியை மட்டும் தையல் பிரித்து எடுத்து, துவைத்து, வெயிலில் காயவைத்து, மறுபடி சட்டைக்குள் வைத்துத் தைக்க வேண்டும். உடையறையில் ஜன்னல் இல்லை, குழாய் இல்லை. பல வருஷங்களுக்கு முன் பெரியவள் இதைச் சொன்னபோது மேனேஜர் சிரித்துக்கொண்டே, "இதுக்கு ஏம்மா கஷ்டப்படுறீங்க, வீட்டுக்கே எடுத்துட்டுப் போயிச் செஞ்சுடுங்களேன்" என்றார். அன்றிலிருந்து விடுமுறைக்கு முந்தின நாள் உடையை வீட்டுக்குக் கொண்டுவருவதும், விடுமுறை முடிந்து திருப்பிக் கொண்டுபோவதும் வழக்கமாகிவிட்டது. வீட்டில் செய்யும் அந்த வேலைக்குத் தனிக் கூலி உண்டா என்று அவளும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

ராஜா, ராணி, படைத்தளபதி, பிச்சைக்காரன் என்று எத்தனையோ பேருடைய உடுப்பு அந்த வீட்டுக் கொடியில் காய்ந்திருக்கிறது. உதிர்ந்த மணிகளை ஊசியில் கோத்துக் கொடுப்பது சின்னவளின் வேலை. அவளுக்குக் கண் கூர்மை. ஒருநாள் ராணிச் சட்டையைத் தானே மாட்டிக்கொண்டு, விளக்குமாற்றைச் செங்கோலாகப் பிடித்தபடி புருஷன் முன் போய் நின்று, "யாரங்கே, டீ கொண்டு வா" என்றாள். வாய்விட்டுச் சிரிக்காத கொழுந்தன்கூட அன்று சிரித்தான். சத்தமில்லாமல் எழுந்து போய் டீயும் போட்டுக் கொண்டுவந்தான்.

அந்த வாரமும் பெரியவள் சட்டையை ஒரு வெள்ளைத் துணியில் சுற்றித் தன் பைக்குள் வைத்துக்கொண்டு பின்வாசலுக்கு வந்தாள். பகல் ஒத்திகை முடிந்து எல்லாரும் வீட்டுக்குக் கிளம்புகிற நேரம். ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. பெண்கள் மேசையில் சின்னவள் நின்றாள். வெளியே போகிற பையையும் பார்க்கத் தொடங்கியபின் உடை கொண்டுபோவது இதுதான் முதல் தடவை. பெரியவளுக்கு அதைப் பற்றி ஒரு கவலையும் இல்லை. மேனேஜர் சொல்லி நடக்கிற காரியம், மேசையில் நிற்பதோ வீட்டு ஆள். கவலைப்பட என்ன இருக்கிறது? "சீக்கிரம் பாத்து விடுடி, வெயில் போறதுக்குள்ள துவைச்சுப் போடணும்" என்று பையை அவளே திறந்து வைத்தாள்.

சின்னவளின் கை வெள்ளைத் துணிமேல் பட்டது. உள்ளே என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தொட்டாலே தெரியும். மூடி அனுப்பியிருப்பாள். ஆனால் கண்ணாடிக்காரர் அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். "அது என்ன, பிரி" என்றார். பிரித்ததும் மணிகள் வெயிலில் மின்னின. வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

பெரியவள் பதறவில்லை. சட்டையின் கதையைச் சொன்னாள். மேனேஜரைக் கேளுங்கள் என்றாள். கேட்டார்கள். மேனேஜர் தனியாக வரவில்லை. அரங்கத்தின் நிர்வாகக் குழுத் தலைவி அப்போதுதான் வந்திருந்தாள்; அவளும் கூடவே வந்தாள். தோளில் மாட்டியிருந்த அவளுடைய பை, மேசைமேல் இருந்த பையைவிட இரண்டு மடங்கு பெரியது. அதை யாரும் பார்க்கவில்லை என்று சொல்லவும் வேண்டுமா?

தலைவி சட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "உடைகளுக்குத்தான் சலவைக் கம்பெனி வெச்சிருக்கோமே, இது எதுக்கு வெளியே போகுது?" என்று கேட்டாள். சலவைக் கம்பெனி என்ற ஒன்றை அந்தக் கட்டடத்தில் பெரியவள் கண்ணால் கண்டதில்லை. அவள் மேனேஜரைப் பார்த்தாள். அவர் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டிருந்தது. அந்த முகத்தைப் பார்த்தவுடனே, இத்தனை வருஷம் தான் வீட்டில் துவைத்ததற்கான கூலியெல்லாம் எந்தக் கம்பெனியின் பெயரில் யார் பைக்குப் போயிருக்கிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"எடுத்துட்டுப் போங்கன்னு நான் சொன்னதா எனக்கு ஞாபகம் இல்லியே" என்றார் மேனேஜர்.

 ஆனாலும் பெரியவள் பயப்படவில்லை. இந்த மனிதர் கைவிட்டால் என்ன? இவரைவிடப் பெரிய சாட்சி மேசைக்கு அந்தப் பக்கமே நிற்கிறதே. "இவளைக் கேளுங்க. இவ என் ஓரகத்தி. ஒரே வீடு, ஒரே அடுப்பு. இந்தத் துணியெல்லாம் எத்தனை தடவை வீட்டுக்கு வந்திருக்குன்னு இவ சொல்லுவா" என்றாள்.

கண்ணாடிக்காரர் சின்னவள் பக்கம் திரும்பினார். "ஒரே வீடா? நீ சொல்லவே இல்லியே. இந்த மாதிரி உடையெல்லாம் வீட்டுக்கு வர்றது உண்டா?"

எல்லாரும் சின்னவளைப் பார்த்தார்கள். லைட்டுக்காரர் பார்த்தார், கூட்டிப் பெருக்குகிற பெண்கள் பார்த்தார்கள், மேனேஜர் பார்த்தார். பெரியவள் மட்டும் சரியாகப் பார்க்கவில்லை. பதில் என்ன வரும் என்று தெரிந்தவள் எதற்குப் பார்க்க வேண்டும்? அவள் சட்டையை மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள்.

"நான் பாத்ததே இல்ல சார்" என்றாள் சின்னவள்.

மடித்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. பெரியவள் நிமிர்ந்து பார்த்தபோது சின்னவள் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்னதைத் திருத்திச் சொல்லுவாள், இதோ இப்போது சொல்லுவாள் என்று பெரியவள் காத்திருந்தாள். சின்னவள் தலை நிமிரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பது தாடையில் தெரிந்தது.

அதற்குப் பிறகு பையைக் கவிழ்த்துக் கொட்டச் சொன்னார்கள். கொட்டியது சின்னவள்தான், அது அவள் வேலை. சாப்பாட்டு டப்பா, சீப்பு, ஊசிப்பெட்டி, மாத்திரை அட்டை. கடைசியாக ஒரு மாற்றுப் பாவாடையும், மடித்து வைத்திருந்த பழைய துணிகளும். தீட்டு நிற்கப் போகிற வயது பெரியவளுக்கு. எந்த நாள், எந்த நேரம் என்று சொல்ல முடியாது, அதனால் எப்போதும் பையிலேயே வைத்திருப்பாள். பெண்ணின் பையைப் பெண் பார்க்க வேண்டும் என்று விதி போட்டவர்கள், சுற்றி நின்று எத்தனை ஆண்கள் பார்க்கலாம் என்று விதியில் எழுத மறந்துவிட்டார்கள். லைட்டுக்காரர் மட்டும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். பெரியவள் உடம்பு கூசிப்போய் நின்றாள். அந்தத் துணிகள் எதற்கு என்று சின்னவளுக்குத் தெரியும். அதையும் அவள் ஒவ்வொன்றாக உதறித்தான் வைத்தாள்.

தலைவி நல்ல மனசுக்காரி. "பாவம், போலீசெல்லாம் வேண்டாம். நாம கூப்பிடுறவரைக்கும் வர வேண்டாம்னு சொல்லிடுங்க" என்றாள். மேனேஜர் அப்படியே சொன்னார். அதைச் சொல்லும்போது அவருக்குச் சிரிப்பு திரும்ப வந்துவிட்டது.

பெரியவள் வீட்டுக்கு நடந்தே வந்தாள். வழியெல்லாம் அவள் மனசு சின்னவளுக்காகத்தான் வாதாடிக்கொண்டிருந்தது. பயந்திருப்பாள். புது வேலை. வீட்டுக்கு வந்ததும் காலைப் பிடித்துக்கொண்டு அழுவாள். அழட்டும், அழுது முடித்த பிறகு நாளைக்கே போய் உண்மையைச் சொல்லிவிடுவாள். இப்படி நினைத்துத் தேற்றிக்கொண்டே வந்து, டீ போட்டு, அவளுக்கும் ஒரு குவளை எடுத்து மூடி வைத்தாள்.

சின்னவள் வந்தாள். அழவில்லை. சீருடைக் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டுத்தான் பேசினாள். "என்னை என்ன செய்யச் சொல்றீங்கக்கா? அந்தாளு தோளுக்குப் பின்னாலயே நின்னாரு. வீட்டுக்கு வரும்னு சொன்னா நானும் கூட்டுன்னு ஆகும். ரெண்டு பேருக்கும் வேலை போகும். அப்புறம் இந்த வீட்டுல அடுப்பு எரியுமா?"

நியாயம்போலத்தான் இருந்தது. அதோடு அவள் நிறுத்தியிருந்தால் பெரியவள் அன்றைக்கே மன்னித்திருப்பாள். ஆனால் சின்னவள் குரலைத் தாழ்த்தி இன்னும் ஒன்று சொன்னாள். "உங்களுக்கு என்னக்கா, ஒத்தை ஆளு. பேரு போனாலும் யாரு கேக்கப் போறா? எனக்குப் பிள்ளை இருக்கு."

 இத்தனை வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டவள், ஒரே போர்வையில் படுத்து அழுதவள், மனசின் அடியில் இப்படி ஒரு தராசை வைத்துத் தன்னை நிறுத்துக்கொண்டிருந்தாள் என்பதுதான் பெரியவளுக்குத் தாங்கவில்லை. புருஷனும் பிள்ளையும் இல்லாதவளுக்கு மானமும் கொஞ்சம் மலிவு போலும். ஊர் அப்படி நினைக்கும் என்று அவளுக்குத் தெரியும். இவளும் அப்படித்தான் என்று தெரியாது.

கொழுந்தன் வாசலிலிருந்தே தீர்ப்புச் சொன்னான். அவ வேலையை அவ பார்த்தாள், அண்ணிதான் அடுத்தவங்க பொருளை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்திருக்கக் கூடாது என்றான். பை கிளறுகிற வேலை என்று தட்டைத் தள்ளியவன், அந்த ராணிக்கு டீ போட்டுக் கொடுத்தவன், எல்லாவற்றையும் மறந்திருந்தான். மாதச் சம்பளம் எந்தக் கையிலிருந்து வருகிறதோ அந்தக் கைக்கு நியாயம் சொல்ல அவனுக்கு வெகு சீக்கிரம் பழகிவிட்டது.

மறுநாள் காலையில் பையிலிருந்த அட்டை காலியாகிவிட்டதால், வேறு மாத்திரை எடுக்க பீரோ பக்கம் போனாள் பெரியவள். சாவி எப்போதும் பக்கத்துச் சுவர் ஆணியில் தொங்கும். யார் வேண்டுமானாலும் எடுப்பார்கள். ஆணி காலியாக இருந்தது. சின்னவளின் இடுப்பில் சாவி அசைகிற சத்தம் சமையலறையிலிருந்து கேட்டது.  அரங்கத்தின் பின்வாசல் மேசை வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டது என்று பெரியவளுக்குத் தோன்றியது. அன்றைக்கு மாத்திரை போட்டுக்கொள்ளவில்லை; அவளிடம் கேட்டு வாங்க மனசு வரவில்லை.

அதன் பிறகு வீட்டில் பேச்சு குறைந்தது. பெரியவள் பேசுவது இன்னும் குறைந்தது. அவள் ஏதாவது சொன்னால் கொழுந்தன் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்குவதில்லை. அவளுடைய சொந்தத் தையல் இயந்திரம் ஒன்று மூலையில் இருந்தது. அதை ஜன்னல் ஓரம் தள்ளிப் போட்டுக்கொண்டு, அக்கம்பக்கத்து வீடுகளில் கேட்டு, திரைச்சீலைகளுக்கும் தலையணை உறைகளுக்கும் ஓரம் அடிக்க ஆரம்பித்தாள். வருவது சொற்பம்தான். ஆனாலும் அதில் பாதியை எண்ணாமல் மேசைமேல் வைத்துவிடுவாள். சின்னவள் எடுத்துக்கொள்வாள்.

ஒருநாள் பட்டப்பகலில் சின்னவள் வேலை நேரத்திலேயே வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு பை. ஜன்னல் ஓரம் வந்து நின்று, பையிலிருந்து வெள்ளைத் துணி சுற்றிய ஒன்றை எடுத்து, இயந்திரத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பிரித்தாள். ராணிச் சட்டை. கமக்கட்டில் கிழிந்திருந்தது. உள்துணி சுருங்கிப்போய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நின்றது. யாரோ சட்டையைத் தண்ணீரில் முக்கியிருக்கிறார்கள், சரிகை கறுத்திருந்தது.

விஷயத்தைச் சின்னவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். வெளியே சலவைக்குப் போட்டார்களாம், இப்படி ஆகிவிட்டதாம். நாளை மறுநாள் புரவலர்களுக்கென்றே தனி நாடகமாம். இந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு மேடை ஏற மாட்டேன் என்று ராணி சொல்லிவிட்டாளாம். மேனேஜர் தன்னைத் தனியாகக் கூப்பிட்டு, அண்ணியிடம் கொடுத்துத் தைத்து வாங்கி வரச் சொன்னாராம். எடுத்துட்டுப் போகச் சொன்னது ஞாபகம் இல்லாத அவருக்கு, பெரியவள் யாரோ ஒருவருக்கு அண்ணி என்பது மட்டும் ஞாபகம் இருந்தது போலும்.

"தைச்சுக் குடுத்துட்டா பழையபடி வேலைக்கு வரச் சொல்லிடுறேன்னாரு அக்கா" என்றாள் சின்னவள். அவள் குரலில் உண்மையிலேயே சந்தோஷம் இருந்தது. இதோடு எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்திருந்தாள் பாவம்.

பெரியவள் இயந்திரத்தை நிறுத்தினாள். சட்டையைத் தொடவில்லை. "வர்றப்ப பின்வாசல்ல உன் பையைப் பாத்தாங்களா?"

"என் பையை யாருக்கா பாப்பா? நானே பாக்குற ஆளு. மேனேஜரே வாசல் வரைக்கும் கூட வந்து அனுப்பி வெச்சாரு."

"அன்னிக்கு நான் திருடலைன்னு எல்லார்கிட்டேயும் சொல்லிட்டாரா?"

சின்னவள் சங்கடப்பட்டாள். "அதெல்லாம் இப்ப எதுக்குக்கா? எல்லாரும் மறந்துட்டாங்க."

கொழுந்தனும் எழுந்து வந்து நின்றான். அண்ணி வீம்பு பிடிக்கக் கூடாது, ஒரு நாள் வேலைதானே, வேலையும் திரும்பக் கிடைக்கும், வீட்டிலும் பழையபடி இருக்கலாம் என்றான். அந்தக் கடைசி வார்த்தையைப் பெரியவள் நன்றாகக் கேட்டுக்கொண்டாள். பழையபடி என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும். அவள் பேச்சை நின்று கேட்பார்கள். அரங்கத்தில் ராணி 'உடைக்காரம்மா' என்று கூப்பிடுவாள். கையை நீட்டினால் போதும், எல்லாம் இதோ இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது. கை நீளத்தான் பார்த்தது. அதை மடியில் அழுத்தி வைத்துக்கொண்டாள்.

"நான் தைக்கிறேன்" என்றாள். "மேனேஜர் அந்தப் பின்வாசல் மேசைக்கிட்ட நின்னு, நான்தான் எடுத்துட்டுப் போகச் சொன்னேன்னு சொல்லட்டும். நீயும் நின்னு, நான் பாத்திருக்கேன், மணி கோத்துக் குடுத்திருக்கேன்னு சொல்லு. அன்னிக்கு என் துணியை வேடிக்கை பாத்தவங்க அத்தனை பேரும் அங்கே இருக்கணும். சொல்லி முடிச்ச பிறகு கொண்டா, ராத்திரி பகல் பாக்காம தைச்சுத் தர்றேன்."

"அது நடக்காதுக்கா" என்றாள் சின்னவள் மெதுவாக.

"தெரியும்" என்றாள் பெரியவள். "இந்தச் சட்டை இந்த வீட்டுக்கு வந்து நீ பாத்ததே இல்லைன்னு சொன்னே. வராத சட்டையை நான் எப்படிடி தைக்கிறது?"

 அன்று வராத அழுகை சின்னவளுக்கு இப்போது வந்தது. புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். பெரியவள் பக்கத்து வீட்டுத் திரைச்சீலையை எடுத்து ஊசிக்குக் கீழே வைத்து மிதிக்கத் தொடங்கினாள்.  தையல் கோணவில்லை.

சட்டையை மறுபடி வெள்ளைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு சின்னவள் வெளியே இறங்கினாள். ஜன்னல் வழியாகப் பெரியவளுக்குத் தெரு தெரிந்தது. எத்தனையோ வருஷம் இதே தெருவில் இதே சட்டைகளைக் கைவீசிக்கொண்டு எடுத்துப் போனவள் அவள். சின்னவள் கையில் இருந்ததோ மேனேஜரே வாசல்வரை வந்து அனுப்பி வைத்த பை. இருந்தாலும் அவள் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டு, அதைச் சீருடைக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு நடந்தாள்.